எட்டுக் கதவு வென்ற படலம்

வாழி, தனப்பிரியா வாழி! நாமக்கல் நகரத்துக்கு மேற்கே, கோழிப்பண்ணைக் காற்று வீசினால் மூக்கைப் பொத்தியும் வீசாவிட்டால் 'என்ன இன்னும் வீசவில்லை' என்று வியந்தும் வாழப் பழகிய குடிமக்கள் நிறைந்த தெருவிலே, சின்னண்ணன் என்னும் லாரிவண்ணக் கோமானுக்கும் சௌந்திரம் என்னும் அடுப்படி அரசிக்கும் ஒரே மகளாய்த் தோன்றியவள். ஏழு தலைமுறை கைநாட்டு வைத்த குலத்தில் முதன்முதலாய்க் கையெழுத்திட்டு வேதியியல் பட்டம் பெற்றவள். அப்பட்டத்துக்குப் போகும் வழியில் அக்குலத்திலேயே முதன்முதலாய் அரியர் வைத்தவளும் தானே, அதை எழுதிக் கழித்தவளும் தானே ஆகிய தன்னிகரற்றவள். தீவன மில்லின் ஆய்வகத்தில் மக்காச்சோளத்தின் ஈரப்பதம் அளந்து, அளவுக்கு மேல் ஒரு புள்ளி போனாலும் லாரியோடு திருப்பியனுப்பி, முறுக்குமீசை ஓட்டுநர்களையெல்லாம் மில் வாசலில் மூக்கால் அழவைக்கும் ஈரப்பத நாயகி. கோபம் மூக்கின் நுனியில் நிற்பதோர் எளிய பெண் அல்லள், மூக்கு முழுவதுமே கோபத்தால் ஆனவள். அவள் மூன்று பகலில் சமையலறை அலமாரிக் கதவு எட்டுக்கும் பெயிண்ட் அடிக்கப் புகுந்த பெருங்கதையை இனிச் சொல்லப் புகுந்தோம். இவ்விடத்தில் அவையடக்கம் சொல்வது மரபு. அடங்கிப் போனவர்களின் கதை இது இல்லை என்பதால் அதை விட்டுவிட்டு நேரே போர்க்களம் போவோம்.

போர் மூண்ட காரணம் கேளீர். சின்னண்ணன், லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் முப்பது ஆண்டு பெயிண்டர். அவர் தூரிகை தடவிய லாரி நெற்றிகள் குவஹாத்தியின் மழையிலும் நாக்பூரின் வெயிலிலும் நிறம் மங்காமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவ்வாறு ஓடும் ஒவ்வொரு லாரியும் டப்பாவின் அடியில் கால் லிட்டர், அரை லிட்டர் என்று கொஞ்சம் பெயிண்டை விட்டுச் செல்லும். அதற்கு மிச்சம் என்று பெயர். ஆண்டுதோறும் ஆயுத பூசைக்கு முந்தைய நாள், அவ்வாண்டு திரண்ட மிச்சத்தைச் சுமந்துவந்து வீட்டுக்கு ஒரு கை அடித்துவிடுவது அக்கோமானின் மாறாத வழக்கம். ஆகவே அவர் வீட்டு கேட் கரும்பு லாரியின் பச்சை. குளியலறைக் கதவு டீசல் டேங்கரின் சிவப்பு. கட்டில் முட்டை வண்டியின் மஞ்சள். அடுப்படிக்கோ, 'அழுக்குத் தெரியாது' என்னும் அரிய தத்துவத்தின்படி, பன்னிரண்டு ஆண்டும் பழுப்பு. நாடு முழுவதும் ஓட உரிமம் பெற்ற நேஷனல் பெர்மிட் லாரிக்குரிய, காய்ந்த இலையின் பழுப்பு. வடக்கே சேலத்தையும் மேற்கே ஈரோட்டையும் தாண்டாத சௌந்திரம், அகில இந்திய உரிமம் பெற்ற எட்டுக் கதவுகளுக்கு நடுவே நின்று பன்னிரண்டு ஆண்டு ரசம் தாளித்தாள்.

இவ்வாண்டு பழுப்பு மிஞ்சவில்லை. திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டி ஒன்றுக்கு அடித்த ஆரஞ்சு மிஞ்சியது; அதுவும் நாலு லிட்டர். பூமியை ஆயிரம் அடி துளைக்கப் போகும் இரும்பு, தூரத்திலிருந்தே எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்று கலந்த நிறம் அது. வியாழக்கிழமை மாலை அந்த டப்பாவை நடுவீட்டில் வைத்து, கோமான் முழங்கினார்:

"ஆயுத பூசை நோம்பிக்கு மொத நாளு அடுப்படிக்கு இதுதான். ஓசில வந்ததுக்குக் கலரு பாக்கறவன் உருப்படவே மாட்டான்."

அப்போதுதான் மில்லிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த தனப்பிரியா, ஒரு செருப்பு காலிலும் ஒரு செருப்பு கையிலுமாக நிமிர்ந்து நின்று வஞ்சினம் உரைத்தாள்:

"உங்க மிச்சம் இனி அடுப்படிக்குள்ள வரக்கூடாதுங்கப்பா. பன்னண்டு வருசமா அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருப்பீங்களா? அம்மா நிக்கற எடத்துக்கு அம்மாவுக்குன்னு ஒரு கலரு. வெள்ளை. நானே அடிக்கறனுங்க."

கொங்கு மண்ணில் வஞ்சினமும் 'ங்க' இல்லாமல் வராது. கழுத்தை அறுப்பதாய் இருந்தாலும் 'அறுத்துப்போடுவனுங்க' என்று சொல்லித்தான் அறுப்பார்கள்.

கோமான் சிரித்து, போர்விதி வகுத்தார்: "அடி சாமி, நல்லா அடி. ஞாயித்துக்கெழமை வெளக்கு வெக்கறதுக்குள்ள எட்டுக் கதவும் மாட்டி, மூடித் தொறக்கோணும். ஒண்ணு கொறஞ்சாலும் எட்டுக்கும் ஆரஞ்சு. அப்பறம் என்ற காலம் முடியற வரைக்கும் அடுப்படிக் கலரைப் பத்தி ஒருத்தரும் பேசக் கூடாது."

இத்தனை முழக்கத்துக்கு நடுவே சௌந்திரம் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். வாயைத் திறந்தாள், யாரும் பார்க்காததால் மூடிக்கொண்டாள்.

வெள்ளி விடிந்தது. தனப்பிரியா மில்லுக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் படைக்கலம் பூண்டாள். இடக்கையில் கைப்பேசி; அதனுள்ளே குளிர்நாட்டுப் பெண்ணொருத்தி, நாமக்கல் பேருந்து நிலையம் அளவுள்ள சமையலறையில் வியர்வை சிந்தாமல் நின்று, பத்தே நிமிடத்தில் முப்பது கதவை வெள்ளையாக்கிப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். வலக்கையில் ஸ்க்ரூ டிரைவர். இடுப்பில் முந்தானைக்குப் பதிலாகப் பழைய துப்பட்டா. ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டுக் கதவின் கீல்களையும் கழற்றி, எட்டையும் முற்றத்தில் கிடத்தினாள், கோட்டை திறந்தது. கழற்றும்போதே ஒவ்வொரு கதவின் பின்னாலும் எண் எழுதி வைக்கச் சொல்லி அந்தக் குளிர்நாட்டுக்காரி கூறியிருந்தாள். ஐயகோ! விளம்பரத்தைத் தள்ளும் அவசரத்தில் நம் தலைவி அந்த அறிவுரையையும் சேர்த்துத் தள்ளிவிட்டாள். இது பின்னால் வந்து கழுத்தைப் பிடிக்கும், இப்போதைக்கு விடுங்கள்.

கதவிழந்த அலமாரி தன் அந்தரங்கம் முழுவதையும் உலகுக்குக் காட்டி நின்றது. டப்பா இல்லாத மூடிகள் முப்பத்தொன்று. மூடி இல்லாத டப்பாக்கள் பத்தொன்பது. எந்தக் கல்யாணத்தில் வந்ததென்று யாருக்கும் தெரியாத எவர்சில்வர் குத்துவிளக்கு. ஐந்து கிலோ ஊறுகாய் வாளியில் அரைப்படி பெருங்காயக் காலிக் குப்பிகள். அடுத்த வீட்டுப் பாப்பாயி, இரவல் தயிர் கேட்கும் சாக்கில் வந்து எட்டிப் பார்த்து, வாயில் கை வைத்தாள்.

"ஏம்புள்ள சௌந்திரம், உங்கூட்டு அடுப்படி என்ன இப்பிடி அம்மணமா நிக்குது?"

"போருக்குப் போயிருக்குதுங்கக்கா," என்றாள் சௌந்திரம். அவள் அப்போது ஒற்றை அடுப்பைக் கூடத்துத் தரையில் வைத்து, குத்தவைத்து உட்கார்ந்து, பெருங்காயம் எங்கே போயிற்றென்று தெரியாமல் பெருங்காயமில்லாத ரசம் வைத்துக்கொண்டிருந்தாள்.

தலைவி வாங்கிவந்தது தண்ணீரில் கரையும் வெள்ளை. வாசனை இல்லாதது, நாகரிகமானது, அப்பாவின் டர்பன்டைன் நாற்றத்துக்குப் பரம வைரி. அதை அவள் தோய்த்து இழுத்தபோது, பழுப்பென்னும் இருளைக் கிழித்து நிலவு எழுந்தது. பாற்கடல் பொங்கி முற்றத்தில் எட்டுத் துண்டாய் உறைந்தது. மாமரத்துக் காகம் ஒன்று, சோறென்று நினைத்து இறங்கி, ஏமாந்து, வாழ்த்தியது. மாலைக்குள் எட்டும் வெண்மை. தலைவி கைகழுவிக்கொண்டு, கிளைமேல் அமர்ந்த புலிபோலப் படியில் அமர்ந்து, தந்தையின் வரவுக்குக் காத்திருந்தாள்.

கோமான் வந்தார். பார்த்தார். குனிந்து, முதற்கதவின் மூலையில் கட்டைவிரல் நகத்தை வைத்து மெல்ல நெம்பினார். நாமக்கல்லில் பிறந்தவர் எவர்க்கும் அவித்த முட்டை உரிப்பது கைவந்த கலை. ஒரே இழுப்பில், உள்ளங்கை அகலத்துக்கு, வெள்ளைத்தோல் முழுசாய் உரிந்து வந்தது. அதைப் பிய்யாமல், கசங்காமல், இரண்டு விரலால் ஏந்திச் சென்று, கொடியில் காய்ந்த தம் பனியனுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, கிளிப்பும் மாட்டிவிட்டு, குளிக்கப் போனார்.

உலகில் சொல்லால் வரும் அவமானம் பல உண்டு. கிளிப்பு மாட்டிய அவமானம் அதுவே முதல்.

தலைவி டப்பாவைத் திருப்பினாள். அதன் முதுகில், எறும்புக்கு எழுத்தறிவித்தால் எறும்பு எழுதக்கூடிய அளவில், மூன்று மொழியில் அச்சிட்டிருந்தது: எண்ணெய்ப் பெயிண்ட் உள்ள பரப்பின்மேல், உப்புத்தாளால் நன்கு தேய்க்காமல் இதைப் பூச வேண்டாம். ஈரப்பதச் சீட்டில் ஒரு புள்ளி தவறினாலும் லாரியைத் திருப்பியனுப்பும் அம்மங்கை, டப்பாவின் சீட்டையே படிக்காமல் எட்டுக் கதவைப் பூசியிருந்தாள். கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் கொடியில் தொங்கிய தோலைப் பிடுங்கிக் கிழித்தாள்; அத்தோடு எட்டுக் கதவின் வெள்ளையையும் உரித்தெறிந்தாள்.

சனிக்கிழமை உப்புத்தாட்போர். உப்புத்தாளே, உன்னை வணங்குகிறோம்! நீ பார்வைக்குத் தாள், பணிக்குப் பற்கள்; உன்னைத் தொட்ட கைக்கு ரேகை மிஞ்சாது; ரேஷன் கடை இயந்திரம் அக்கையை அடையாளம் காணாது. எதிரில் நின்றதோ பிசுக்கு என்னும் பேரரக்கன். கடுகு வெடித்த எண்ணெய், மீன் வறுத்த புகை, பொங்கி வழிந்த பால் இவையெல்லாம் பன்னிரண்டு ஆண்டு கூடித் தவமிருந்து பெற்ற பிள்ளை அவன். சோப்புக்கு வழுக்குவான், சீயக்காய்க்குச் சிரிப்பான். அவனைச் சுரண்டினால் உள்ளே பழுப்பு. பழுப்பைத் தேய்த்தால் அதன் கீழே பழுப்பு. அதற்கும் கீழே, நீங்கள் நினைப்பது சரி, பழுப்பு. தலைவி ஒவ்வோர் அடுக்காய்க் கிழித்திறங்கினாள். இது வேலைக்குச் சேர்ந்த வருடத்துப் பழுப்பு. இது அரியர் வைத்த வருடத்தது. இது பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்த வருடத்தது. அன்றைக்குத் தெருவே வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கிற்று, அம்மா உள்ளே இந்தப் பழுப்புக்குப் பக்கத்தில் நின்று முப்பது டம்ளர் காபி ஆற்றினாள். அந்த அடுக்கை மட்டும் தலைவி தேவைக்கு மேல் தேய்த்தாள், மரம் தெரிந்தது.

நண்பகலில் முற்றமெங்கும் பழுப்புப் புழுதி. துளசி பழுப்பு, துவைகல் பழுப்பு, வீட்டுக் கோழி பழுப்பு. தலைவியோ கண்ணின் வெள்ளை தவிர மற்றெல்லாம் பழுப்பு. சுவருக்கு மேலே பாப்பாயியின் தலை எழுந்தது.

"ஏம்புள்ள தனம், நீயும் நேசனல் பெர்மிட்டு வாங்கிட்டயா?"

மறுமொழி சொல்ல வாயைத் திறந்தால் புழுதி நுழையும் என்பதால் மட்டுமே அன்று ஒரு கொலை தவிர்ந்தது.

அந்த வேளையில் சௌந்திரம் மோர்ச்சொம்புடன் வந்து நின்றாள். "அம்முணி, நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"எல்லாம் முடியட்டுங்கம்மா. அப்பறம் சொல்லுங்க."

சௌந்திரம் சொம்பை வைத்துவிட்டுப் போனாள். மாலையில் கதவுகளுக்கு பிரைமர் அடிக்கும்போது மீண்டும் வந்து, "இல்ல சாமி, அந்தக் கலரு…" என்று தொடங்கினாள். "உங்களுக்காகத்தானம்மா இவ்வளவும்! செத்த சும்மா இருங்களேன்!" என்று வீரமகள் கர்ச்சித்தாள். பிறர்க்காகப் போர் புரிவோர் பிறரிடம் இப்படித்தான் பேசுவார்கள் என்பது உலகம் முழுவதும் கண்டது.

ஞாயிறு. இறுதிநாள். இம்முறை எண்ணெய் வெள்ளை. ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு எட்டுக் கதவும் பூசி, வெயிலில் பரப்பினாள். இனி மாலைவரை அவற்றின்மேல் ஒரு தூசும் விழாமல் காக்க வேண்டும். கோமானோ பட்டறை விடுமுறையாதலால், முற்றத்து ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டமர்ந்து, ஆரஞ்சு டப்பாவின் மூடியைத் திறந்து, ஒரு குச்சியால் கிளறலானார். வேறொன்றும் செய்யவில்லை. கிளறினார். எமன் பாசக்கயிற்றை எண்ணெயிட்டு நீவுவதைப்போல, சாவகாசமாய், வலமாய் நூறு, இடமாய் நூறு.

அப்போது வந்தது கோழி. முன்னோர் முட்டைக்குள் இருந்த காலந்தொட்டு எந்தப் பண்ணைக்கும் பணியாத நாட்டுக்கோழி. நெஞ்சு நிமிர்த்தி, ஐந்தாம் கதவின் தென்கிழக்கு மூலையில் ஏறி, வடமேற்கு மூலையில் இறங்கியது. வெண்பரப்பில் முக்கவர்ச் சுவடு பதினொன்று! தலைவி பிரஷ்ஷை வேலாய் ஏந்தித் துரத்த, கோழி துவைகல்லைச் சுற்றி, துளசியைச் சுற்றி, கோமானின் நாற்காலிக்கடியில் புகுந்து புறப்பட, கிளறிய குச்சி தெறித்து அவர் வெள்ளை வேட்டியில் ஆரஞ்சுப் பொட்டு வைத்தது. அன்றைக்கு அவர் சற்று நேரம் கிளறாமல் இருந்தது அப்போதுதான். ஐந்தாம் கதவுக்கு மறுபூச்சு விழுந்தது. கோழியின் கால்கள் மூன்று நாள் வெள்ளையாய் இருந்தன.

நாலு மணி. கதவுகள் தொட்டால் ஒட்டாத பதம். தலைவி முதற்கதவைத் தூக்கி அலமாரியில் வைத்தாள். துளை பொருந்தவில்லை. அடுத்ததை வைத்தாள். விரற்கடை பெரிது. அந்த அலமாரி செய்த ஆசாரி அளவுகோலைக் கையால் தொடாமல் கண்ணளவில் அறுத்த மேதை. எட்டுக் கதவும் எட்டு உயரம், எட்டுக் கோணல். எண் எழுதாத பாவம் இதோ வந்து கழுத்தைப் பிடித்தது. எட்டுக் கதவை எட்டு இடத்தில் மாட்ட நாற்பதாயிரத்து முந்நூற்று இருபது வழி உண்டென்று படித்த மூளை ஒரு நொடியில் கணக்குப் போட்டது. அவற்றுள் சரியான வழி எது என்று சொல்ல அதற்குத் தெரியவில்லை. நாலரை. நாலே முக்கால். முற்றத்தில் குச்சி டப்பாவில் தட்டும் ஓசை. தலைவியின் கண்ணில் நீர் முட்டியது. டர்பன்டைன் நெடி என்று வைத்துக்கொள்வோம்.

சௌந்திரம் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்தாள். யாரையும் கேட்கவில்லை. ஒரு கதவைத் தூக்கினாள், எடை பார்த்தாள்.

"இது எண்ணெய்ச் சட்டிக்கு மேல இருக்கறது, எண்ணெய் குடிச்சுக் கனத்துக் கெடக்கும். அங்க வை. இது உப்புச் சாடிப் பக்கம்; அடி ஊறியிருக்குது பாரு. இது பொக போற பக்கம். இது நீ ஆறாவது படிக்கறப்ப கோவத்துல எத்துனது, இந்தா, விரிசல். மேல வெள்ளை அடிச்சுப்போட்டா எனக்குத் தெரியாதா?"

பத்தே நிமிடம். எட்டுக் கதவும் எட்டு இடத்தில். மூடித் திறந்தார்கள். தட், தட் என்று எட்டு முரசு முழங்கிற்று. சூரியன் இன்னும் ஒரு சாண் மேலே. சின்னண்ணன் எழுந்தார், வேட்டியின் ஆரஞ்சுப் பொட்டைப் பார்த்தார், டப்பாவின் மூடியை வைத்துக் கைமுட்டியால் ஒரு குத்துக் குத்தி அடைத்தார். வானத்திலிருந்து மலர்மாரி பொழிய வேண்டிய இடம் இது. தெருவில் போன தீவன லாரி தன்னால் இயன்ற புழுதியைப் பொழிந்தது.

வென்றவள் நெஞ்சு நிமிர்த்தி அறைகூவினாள்: "பாருங்கம்மா! உங்க வெள்ளை!"

சௌந்திரம் எட்டுக் கதவையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குது சாமி. ஆசுபத்திரியாட்ட. எனக்கு வெள்ளை புடிக்கும்னு உனக்கு யாரு சொன்னா?"

படை நின்றது. பன்னிரண்டு ஆண்டாய் அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று செருப்பைக் கையில் பிடித்து முழங்கியவள், மூன்று நாளாய்த் தானும் கேட்கவில்லை. வெள்ளை பிடித்தது அந்தக் குளிர்நாட்டுக்காரிக்கு. சின்னண்ணன் அடக்க முடியாமல் வெடித்துச் சிரித்தார்.

"நீங்க சிரிக்காதீங்க," என்றாள் சௌந்திரம், திரும்பாமலே. "அவ மூணு நாளாக் கேக்குல. நீங்க பன்னண்டு வருசமாக் கேக்குல."

சிரிப்பு பாதியில் நின்றது.

தனப்பிரியா, தன் வாழ்நாளில் எப்போதும் பேசாத தாழ்ந்த குரலில், "என்ன கலருங்கம்மா வேணும்?" என்றாள்.

"எங்க மோகனூர் ஆத்துல ஆகாயத்தாமரை பூக்குமல்லொ, அந்தக் கலரு."

"அது களையல்லொ புள்ள?" என்றார் கோமான்.

"களைன்னா என்னங்க? பூக்குதல்லொ."

முப்பது ஆண்டில் எந்த லாரிக்காரரும் ஆகாயத்தாமரையின் இளம் ஊதா கேட்டதில்லை. அந்நிறம் எந்த மிச்சத்திலும் இல்லை. சின்னண்ணன் கொட்டகைக்குள் போய்க் குடைந்தார். டப்பா உருளும் ஓசை கேட்டது. அடியில் கெட்டிப்பட்டுக் கிடந்த நீலம் ஒன்றையும் டேங்கர் சிவப்பில் ஒரு கரண்டியையும் கொண்டுவந்து, மகளின் வெள்ளையில் ஊற்றிக் குழைத்தார். காவிரிக்கரையில் பிறந்தவள் இடுப்பில் கைவைத்து அவர் தலைக்குமேல் நின்றாள்.

"இது கத்திரிக்கா. இன்னுங் கொஞ்சம் வெள்ளை ஊத்துங்க. அய்ய, இது பள்ளிக்கூடத்து மசி. செவப்பு. ஒரு சொட்டுன்னா ஒரு சொட்டுங்க, உங்க டேங்கரையே கவுத்தாதீங்க. பூவுக்கு நடுவுல மயில் கண்ணு இருக்குமே, அதைச் சுத்தி ஒரு கலரு வரும். ம்ஹூம். இன்னும்."

ஏழு முறை கலைத்தார். ஏழு முறை கலந்தார். லாரிக்காரர்களிடம் ஒரு முறைக்கு மேல் கலைக்காத கைகள் அவை. எட்டாம் முறை சௌந்திரம், "நிறுத்துங்க. இதுதான்," என்றாள். தோற்றவரும் வென்றவளும் ஒரே நேரத்தில் பிரஷ்ஷுக்குக் கை நீட்டினார்கள்.

"ரெண்டு பேரும் அக்கட்டால தள்ளுங்க."

சேலையை இழுத்துச் செருகி, எண்ணெய்ச் சட்டிக்கு மேலிருக்கும் கதவில் முதல் இழுப்பை இழுத்தாள் சௌந்திரம். கோணலாய்த்தான் இழுத்தாள். முப்பதாண்டு பெயிண்டரின் கை பரபரத்தது. வேதியியல் பட்டதாரியின் வாய் பரபரத்தது. இருவரும் கதவிழந்த அலமாரிபோல் வெறுமனே நின்றார்கள். அவள் ஏழாம் கதவை முடிக்கையில் தெருவில் விளக்கு வைத்தார்கள். போர்விதியின்படி அந்நேரத்தில் எட்டுக் கதவும் மூடித் திறக்கும் நிலையில் இருக்க வேண்டும். எட்டில் ஏழு ஈரமாய் இருந்தன, ஒன்று இன்னும் வெள்ளையாய் இருந்தது. விதியை வகுத்தவர் ஆரஞ்சு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்க் கோழிக்கூண்டுக்கு அடித்தார்.

பெயிண்ட் காயாததால் அன்றைக்குச் சாப்பாடு கடைப் பரோட்டா.